ஏட்டம்மா செய்து பார்த்த திருட்டுகள்

கல்யாணமாகிப் பட்டாபிராமுக்குக் குடிவந்த முதல் வாரம். சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை உள்ளே வருகிறது. நல்ல தாட்டியான கை. மணிக்கட்டு கொள்ளாமல் கண்ணாடி வளையல். அது என் அலமாரியைத் தடவுகிறது, அம்மா சீராகக் கொடுத்த பித்தளைச் சொம்பை நோக்கி விரலை நீட்டுகிறது! நான் போட்ட சத்தத்தில் வெங்காயத் தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"கத்தாதம்மே! நான் இன்னா திருடியா? பின்னாடி ஊட்ல சொம்பு பூட்ச்சி. அந்த ஜன்னலும் உன் ஜன்னலும் ஒரே அளவு. கைய உட்டு எடுக்க முடியுமான்னு செஞ்சு பாக்கிறேன்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். கை வெளியே போகப் பார்த்தது, போகவில்லை. பிறகு அதே குரல், சுருதி இறங்கி: "கொஞ்சம் எண்ண கொண்டாம்மே. வளையல் மாட்டிகிச்சி."

எண்ணெய் தடவிக் கையை விடுவித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். நாற்பது தாண்டிய ஒரு அம்மாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக நிற்கிறார். "முடியாது! பொம்பள கையே பூர மாட்டுது, ஆம்பள கை எங்க பூரும்? கொக்கி வெச்ச குச்சி. கொக்கிதான்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். யார் எவர் என்றே தெரியாத எனக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கணவர் போலீசில் ஏட்டு. அதனால் அவர் ஏட்டையா, இவர் ஏட்டம்மா. ரேஷன் கடைக்காரர் கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு பொருள் காணாமல் போனால் ஊர் உலகம் எல்லாம் யார் எடுத்தது என்றுதான் கேட்கும். ஏட்டம்மா அதைக் கேட்கவே மாட்டார். எப்படி எடுத்தான் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதையும் உட்கார்ந்து யோசிக்கிற பொறுமை கிடையாது. நேராகப் போய் அந்தத் திருட்டைத் தானே ஒரு தடவை செய்துவிடுவார். "பேசிகினே இருந்தா வாய்தான் வலிக்கும். வா, செஞ்சு பாத்துடலாம்" என்பார். அந்த 'வா'வில் பெரும்பாலும் நான் இருந்தேன். எனக்கு அப்போது குழந்தை இல்லை, மாமியார் ஊரில், கணவர் ஷிப்டில். போகாமல் என்ன செய்வேன்?

கோழி திருட்டு ஒன்று. கூண்டில் இருந்த வெடைக்கோழி கொஞ்சமும் கத்தாமல் எப்படிப் போனது என்பது கேள்வி. ஏட்டம்மா முதலில் வெறுங்கையோடு போனார். கோழி போட்ட கூச்சலில் தெருவே எழுந்து வந்தது. அடுத்து வேட்டியைப் போட்டு மூடினார். அப்போதும் கத்தியது. மூன்றாவதாக ஈரச் சாக்கை அதன் மேல் வீசினார் பாருங்கள், கப்சிப்! சாக்கோடு கோழியை அள்ளிக்கொண்டு தெருமுனை வரை ஓடிப்போய் நின்று, "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தார். கோழிக்காரம்மா பின்னாலேயே துடைப்பத்தோடு ஓடினார். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவர், பாவம்.

எல்லாத் தடவையும் சரியாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கொடியில் காய்ந்த சுங்குடிச் சேலை ஒன்று போனபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, குதித்து, கழியால் இழுத்து எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல ஒசரமான ஆளு, எடது கைக்காரன்" என்று அடித்துச் சொன்னார். தெருவில் இடது கையால் பீடி பிடிக்கிற கொத்தனாரை எல்லாரும் இரண்டு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தோம். பிறகு பால்காரர் வந்து தன் மாடு பாதிச் சேலையை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏட்டம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. "மாட்ட நான் செஞ்சு பாக்கலயேம்மே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கொத்தனார் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு வந்தார்.

பூட்டு விஷயத்தில்தான் தெரு கொஞ்சம் கலங்கியது. பின் தெருவில் பூட்டை உடைக்காமலே யாரோ திறந்துவிட்டார்கள் என்று செய்தி. ஏட்டம்மா கொண்டை ஊசியை எடுத்தார். ஒரு வாரம் தன் வீட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் திறந்தே விட்டார். அதோடு விட்டாரா? வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பூட்டையும் திறந்து காட்டி, "உன் பூட்டு சரியில்ல, மாத்திக்கோ" என்று அறிவுரை வேறு. எல்லாரும் "ஆமாம் ஏட்டம்மா" என்று சிரித்தார்கள். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசியது வேறு. "இந்தப் பொம்பளைக்குத் தெரியாத திருட்டே இல்ல போலக்கீதே" என்றார் எதிர்வீட்டம்மா என்னிடம்.

ஏட்டையா நேர் எதிர். அவருக்கு எதையும் செய்து பார்க்க வேண்டாம், மூஞ்சியைப் பார்த்தால் போதும். கூட்டுப் புருவம் இருந்தால் திருடன். காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தால் திருடன். "பொறக்கும்போதே மூஞ்சியில எழுதிகினு வரான்" என்பார். இத்தனை வருஷ சர்வீசில் தப்பியதே இல்லையாம். ஒருநாள் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஏட்டம்மா கண்ணாடியை லேசாகத் திருப்பி அவர் காதைக் காட்டினார். ஒட்டின மடல்தான். "நீ எப்ப திருடப்போற, சொல்லு. நானும் கூட வரேன்" என்று கேட்டாராம். அன்று முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். படித்த பிள்ளை, பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை. பிறவித் திருடன் என்பதெல்லாம் பழைய காலத்துக் கதை என்பார். தேவை, சந்தர்ப்பம், பார்க்க ஆளில்லாத இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் குற்றம் தானாக நடக்கும் என்பது அவர் கட்சி. வேலையில்லாத் திண்டாட்டம், பசி, கூடாத சகவாசம் என்று அடுக்குவார். ஏட்டையா வீட்டில் சாப்பிட வந்தபோது இதையெல்லாம் விளக்கினார். ஏட்டம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் வாயைப் பிளந்து கேட்டார். மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? பசி வந்தால் திருடத் தோன்றுகிறதா என்று பார்க்கப் பட்டினி கிடந்தார்! சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்ததும், "திருடத் தோணல சார். இவர அடிக்கத்தான் தோணிச்சி" என்று ஏட்டையாவைக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டருக்குப் புரையேறிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் தலையில்தான் அந்த ஆடி மாதம் இடி விழுந்தது.

என் கொழுந்தன் எங்களோடு இருந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன், நல்ல பிள்ளை. கூழோ கஞ்சியோ போட்டதைச் சாப்பிடுவான். கூட்டுப் புருவம் மட்டும்தான் அவனிடம் இருந்த ஒரே குறை. ஆவடி சர்க்கார் தொழிற்சாலையில் தேர்வு முடிந்து, போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான் பாக்கி. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். சர்க்கார் உத்தியோகம் என்பது அவனுக்கு மட்டும் கிடைக்கிற வேலை இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் கிடைக்கிற மூச்சு. அவன் மேல் ஒரு கேஸ் பதிவானால் போதும், அந்த வேலை போயே போய்விடும்.

அன்று எங்கள் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேழ்வரகுக் கூழைக் காய்ச்சி, அண்டாவிலோ பானையிலோ ஊற்றி, மேலே வேப்பிலை கட்டி, தலையில் சுமந்துகொண்டு போவார்கள். கோயிலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் படைத்துவிட்டு ஊருக்கு ஊற்றுவார்கள். தெருவே கோயிலில் இருந்தது. ஏட்டம்மாவும் நானும் பெரிய அண்டாவுக்கு எதிரும் புதிருமாக நின்று, விடிந்ததிலிருந்து கூழைக் கிண்டிக் கிண்டிக் கை வீங்கிப்போனோம். கொழுந்தன் மட்டும் காய்ச்சல் விட்ட உடம்பு என்று வீட்டில் படுத்திருந்தான்.

எங்கள் தெருவில் வெளியே போனால் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எதிர்வீட்டம்மா முதல் அண்டாவோடு முன்னால் கோயிலுக்கு வந்துவிட்டார். புது மருமகள் இரண்டாவது அண்டாவை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை என் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். திருவிழா முடிந்து எல்லாரும் வந்து, என் வீட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்துப்போய்த் திறந்தார்கள். பூட்டு பூட்டினபடி. உள்ளே ரேடியோவைக் காணோம்!

சாதாரண ரேடியோ இல்லை. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய வால்வு ரேடியோ. மருமகள் வீட்டில் சீராகக் கொடுத்தது. எதிர்வீட்டம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் பந்தல்காரர்கள் கூட ஓடி வந்தார்கள். ஏட்டையா வந்தார், என் கொழுந்தனின் புருவத்தைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வேலையில்லாத பையன், கையில் சாவி, தெருவில் ஆளில்லை. அவருடைய மூன்றும் பொருந்திவிட்டது. என்றைக்கும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் அன்றைக்கென்று ஒத்துப்போக வேண்டுமா?

"விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். என் கணவர் பின்னாலேயே ஓடினார். மறுநாள் சாயங்காலத்துக்குள் ரேடியோ வந்தால் சரி, இல்லாவிட்டால் கேஸ் எழுதிவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். நான் சத்தம் போட்டு அழுதேன். "அண்ணி, நான் எடுக்கல அண்ணி" என்று அவன் திரும்பித் திரும்பிச் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

காலையில் ஏட்டம்மா வந்தார். புருஷனுக்குச் சோறு கூட ஆக்கவில்லையாம். "அழுவாதம்மே. அழுதா ரேடியோ வந்துடுமா? எழுந்திரு. நான்தான் இப்ப உன் கொழுந்தன். எதிர்ஊட்டுச் சாவிய வாங்கலாம் வா."

எதிர்வீட்டம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். ஏட்டம்மா பூட்டைத் திறந்தார், அம்மிக் குழவியைப் போர்வையில் சுற்றி ரேடியோ இருந்த மேசையில் வைத்தார், பிறகு அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாலு வீடு தாண்டவில்லை. "இன்னா ஏட்டம்மா, இன்னா தூக்கினு போறே?" என்றார் தையல்காரர். திரும்பி வந்து சாக்கில் போட்டு முதுகில் சுமந்தார். தெருமுனையில் பந்தல் பிரிக்கிறவர்கள், "நாங்க தூக்கியாரட்டுமா ஏட்டம்மா?" என்று வந்தார்கள். நேற்றும் அதே ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். புழக்கடைச் சுவர் வழியாகப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய் குலைத்துத் தீர்த்துவிட்டது. "முடியாதும்மே! உன் கொழுந்தன் தொறந்திருக்கலாம். ஆனா ஊட்ட உட்டு எடுத்துகினு போயிருக்க முடியாது!" என் வயிற்றில் அப்போதுதான் கொஞ்சம் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் என்ன செய்வது? ரேடியோ வேண்டுமே! ஏட்டம்மா மறுபடியும் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஏரியல் கம்பியைப் பிய்க்கவில்லை, பக்குவமாகக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தது. "ஏம்மே, ரேடியோ மேல கிளி போட்ட துணி ஒண்ணு கெடக்குமே, அது எங்க?" என்றார். மருமகள் தன் கையால் பூ வேலை செய்த துணி. அதுவும் காணோம். "திருடன் துணியவா எடுப்பான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் நேற்றைய கூழ் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது.

அவ்வளவுதான்! குழவியைத் தூக்கி அண்டாவில் போட்டார், வாசல் மரத்தில் ரெண்டு கொத்து வேப்பிலை ஒடித்து மேலே பரப்பினார், தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று பின் தெரு அம்மனுக்குக் கூழ். நான் பின்னாலேயே போனேன். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். பந்தல்காரர்கள் வழி விட்டார்கள். பின் தெருவில் ஒரு பாட்டி ஓடி வந்து காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே என்ன என்று ஒருவர், ஒருவர் கேட்க வேண்டுமே!

"ஒருத்தன் கேக்கலம்மே! கும்புடறான் எல்லாரும்! அம்மிக் குழவியக் கும்புடறான்!" என்று ஏட்டம்மா எதிர்வீட்டு வாசலில் வந்து நின்று கூவினார். எனக்கும் கைதட்டத் தோன்றியது. அப்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளைப் பார்த்தோம். அந்தப் பெண் அண்டாவையே பார்த்தபடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டின பிறகுதான் ரேடியோ போனது என்று நாங்கள் எல்லாரும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டுவதற்கு முன்பே அது அண்டாவில் ஏறிவிட்டது. ஏட்டம்மா அண்டாவை மெதுவாக இறக்கினார். "தண்ணி குடும்மா, தாகமாக்கீது" என்று சொல்லி அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்வீட்டம்மா பின் தெருக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். கிணற்றடியில் நாங்கள் மூன்று பேர்தான்.

"எங்கப்பா வாங்கித் தந்ததுக்கா" என்று அழுதாள். "அவர் செத்து ஒரு வருஷம் கூட ஆவல. நாத்தனார் கல்யாணத்துக்கு அதச் சீரா குடுக்கப்போறேன்னாங்க. என் பொருள என்னைக் கேக்காமலே குடுக்கறாங்க. தம்பிய வரச்சொல்லி ரயில் ஸ்டேஷன்ல வெச்சிக் குடுத்தனுப்பிச்சிட்டு, வெறும் அண்டாவோட கோயிலுக்கு வந்தேன், கூழக் கொட்டிட்டேன்னு நெனச்சிகினாங்க. சாவிய அந்தண்ணன் கையில குடுத்தா பழி அவர் மேல வருமின்னு சத்தியமா நெனக்கலக்கா. நானே போய்ச் சொல்லிடறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். ஏட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா இன்னா ஆவும்?" என்று அவளைக் கேட்டார்.

"தாலியக் கழட்டி வெச்சிட்டுப் போன்னுவாங்க."

"போவ எடம் கீதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். தம்பி இன்னொருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. ஏட்டம்மா கிணற்றுக் கயிற்றை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. "நீ ஒண்ணும் சொல்லாத. தம்பி ஊட்டுக்கு வழி சொல்லு" என்றார்.

நெமிலிச்சேரி, ரயிலில் அடுத்த ஸ்டேஷன்தான். குழவியை எடுத்துவிட்டு அண்டாவோடு போனோம், ரேடியோவும் வேப்பிலையுமாகத் திரும்பி வந்தோம். ரயிலில் ஒரு பெரியவர் எழுந்து அண்டாவுக்கு இடம் கொடுத்தார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பின் தெருவுக்குள் நுழைந்தால் ஊர்வலம் எதிரே வருகிறது. பம்பை முழங்குகிறது. நாலு பெண்கள் குடத்தோடு ஓடி வந்து ஏட்டம்மாவின் தலையோடு மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மன் கூழ் அல்லவா? அண்டாவுக்குள் தண்ணீர் களக் களக்கென்று இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏட்டம்மா சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "ஓம் சக்தி!" என்றார்.

"யார் எடுத்ததுன்னு சொல்லப்போறீங்க?" என்று வழியில் கேட்டேன். ரேடியோ எங்கேயோ கிடைத்தது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"கெடந்துச்சின்னா நம்பமாட்டான்மே. உன் கொழுந்தன்தான் ஒளிச்சி வெச்சான்னுவான். எடுத்தது இன்னாருன்னு ஒரு ஆளு வோணும். நீ ஊட்டுக்குப் போ, நீ ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நான் வீட்டுக்குப் போவேனா? பின்னாலேயே போய் ஸ்டேஷன் வாசலில், என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். செய்தி எப்படிப் பரவியதோ, பாதித் தெரு அங்கே வந்துவிட்டது.

ஏட்டம்மா அண்டாவை மேசை மேல் தொம்மென்று வைத்தார். வேப்பிலையை விலக்கினார். மஞ்சள் குளித்த ரேடியோவும் கிளித் துணியும் தெரிந்தது.

"நான்தான் எடுத்தேன் சார்."

ஏட்டையா நாற்காலியிலிருந்து எழுந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ரேடியோவையும் ஏட்டம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எதுக்கும்மா?"

"கூழ் அண்டாவுல வெச்சி எடுத்துகினு போனா யாராச்சும் கேக்கறாங்களான்னு செஞ்சு பாத்தேன். பூட்டு இன்னா பெரிய பூட்டு, கொண்ட ஊசிதான். ஒருத்தன் கேக்கல சார்!"

"பையனை நேத்திலிருந்து உள்ள வச்சிருக்கோம். அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?"

"போலீஸ் எப்படிக் கண்டுபுடிக்கிதுன்னும் பாக்கணுமில்ல?" என்றார் ஏட்டம்மா.

வாசலில் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏட்டையாவின் முகம் செத்துப்போனது. நான் மட்டும் சிரிக்கவில்லை. முதல் நாள் விடிந்ததிலிருந்து கூழ் தீரும்வரை அந்த அம்மாள் என் எதிரிலிருந்து ஓர் அடி நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் அவ்வளவு கூட்டத்தில் யாரைக் கவனித்தார்கள்? அதோடு, நம்பாமல் இருக்க என்ன காரணம்? கோழியைத் தூக்கினவர், பூட்டைத் திறந்தவர், அத்தனை திருட்டையும் எங்கள் கண்ணெதிரே செய்து காட்டினவர் அவர்தானே!

கேஸ் போடவில்லை. ஏட்டு சம்சாரத்தின் மேல் கேஸ் எழுதினால் ஸ்டேஷன் மானம் கப்பலேறிவிடும். அதையும் ஏட்டம்மா யோசித்துத்தான் வந்திருக்க வேண்டும். கண்டபடி திட்டி அனுப்பினார்கள். என் கொழுந்தனைச் சட்டை பட்டன் கூடப் போடவிடாமல், போ போ என்று தள்ளிவிட்டார்கள். ரேடியோ கப்சிப், ஒரு சத்தம் வரவில்லை. செத்த ரேடியோவை எந்தச் சம்பந்தி வாங்குவான்? "உங்கப்பன் குடுத்தத நீயே வெச்சிகினு அழு" என்று எதிர்வீட்டம்மா மருமகளின் பக்கம் தள்ளிவிட்டார். அவள் அதை வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்தாள். ஆவணியில் ஒருநாள் அது கரகரவென்று பாடியது.

அதன் பிறகு தெருவில் கரண்டி காணாமல் போனாலும் முதலில் ஏட்டம்மா வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நின்றது. "செஞ்சு பாக்கறேன்னு எதுனா எடுத்தியா ஏட்டம்மா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். கண் மட்டும் அவர் வீட்டுக்குள்ளே போய்த் தேடும். பழைய கேடிகளை என்ன நடந்தாலும் முதலில் பிடித்துவருவார்களே, அதே கதை. அவரும் கதவை விரியத் திறந்து, "உள்ள வந்து பாத்துக்கோயேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். "சொன்னா அந்தப் பொண்ணு எங்கம்மே போவும்?" என்று கேட்டார்.

அதைவிட என்னைத் தின்றது கொழுந்தனின் கோபம். "விளையாட்டுக்கு என்னை உள்ளே தள்ளினாளே அண்ணி. வேலை போயிருந்தா தூக்குல தொங்கியிருப்பேன்" என்பான். ஏட்டம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அவனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. எதிர்வீட்டம்மா காலமாகி, அந்த மருமகளே இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இனி யாரையும் யாரும் வீட்டை விட்டு அனுப்ப முடியாது. இதைப் படித்தாவது அவன் தெரிந்துகொள்ளட்டும்.

வெரிஃபிகேஷன் சுத்தமாகப் போனது. புரட்டாசியில் உத்தரவு வந்தது. முதல் நாள் காலை ஷிப்டுக்குக் கொழுந்தன் புதுக் காக்கி உடுப்பும் சைக்கிளில் தொங்கும் டிபன் கேரியருமாகக் கிளம்பினான். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஏட்டம்மாவும் வந்து நின்றார். அவர் வீட்டைத் தாண்டும்போது இவன் வேண்டுமென்றே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, காறித் துப்பிவிட்டு மிதித்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அவரைப் பார்க்கத் திராணியில்லாமல் நின்றேன்.

ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கியது ஏட்டம்மாதான். சைக்கிள் ஆவடி ரோட்டில் திரும்பி மறையும் வரை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"போறான் பாரும்மே! வேலைக்குப் போறான் பாரு!"